பல்கலைக்கழகத்தில் குற்றவியல்: யாழ்ப்பாணத்து மாணவரும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்து, விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை விருப்ப வரிசைப்படி எழுத வேண்டிய நாட்களில், கலைப்பிரிவு மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் குற்றவியல் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளுள் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே விடைகளுடன் தொகுத்திருக்கிறேன். சில விடைகள் நீளமானவை; அந்த இடங்களில்தான் தவறான எண்ணங்களும் அதிகம்.

குற்றவியல் என்பதும் குற்றவியல் சட்டம் என்பதும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. இந்தக் குழப்பத்துக்கு நம்முடைய சொல்லே ஒரு காரணம். இலங்கையின் சட்டத் தமிழில் 'குற்றவியல்' என்பது 'குடியியல்' என்பதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் அடைமொழி. குற்றவியல் வழக்கு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை என்றெல்லாம் நாம் சொல்லும்போது அங்கே ஒரு கல்வித்துறை குறிக்கப்படுவதில்லை. பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படும் குற்றவியலோ உளவியல், சமூகவியல் என்பவற்றைப் போல ஒரு தனித்துறை. குற்றம் ஏன் நிகழ்கிறது, எந்தச் செயலைக் குற்றமென்று வகுப்பது யார், தண்டனை எதைச் சாதிக்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு என்ன நேர்கிறது ஆகியவற்றை அது ஆராய்கிறது. இத்தாலிய நீதிபதியான ரஃபாயேலே கரோஃபாலோ 1885இல் இத்துறையின் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூலை வெளியிட்ட பின்னரே அந்தப் பெயர் ஐரோப்பாவில் நிலைபெற்றது.

வேறுபாட்டை ஓர் உதாரணத்தால் காட்டலாம். ஒரு வீட்டில் நகை திருடப்பட்டு ஓர் இளைஞன் கைதாகிறான். அவன் செய்த செயல் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் எந்தப் பிரிவுக்குள் வருகிறது, அதை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்பிக்கச் சான்றுகள் போதுமா என்று சட்டத்தரணி பார்ப்பார். அதே ஒழுங்கையில் வளர்ந்த நான்கு பேரில் இவன் மட்டும் ஏன் அந்த வழியில் போனான், அந்தக் குறிச்சியில் பகல்வேளைத் திருட்டு ஏன் கூடியது, விளக்கமறியலில் கழிந்த மாதங்கள் அவனைத் திருத்தினவா கெடுத்தனவா என்று குற்றவியல் மாணவர் கேட்பார்.

இதைப் படித்தால் துப்பறிவாளர் ஆகலாமா? எலும்புகளையும் இரத்தக் கறைகளையும் ஆராயும் படிப்பு இதுதானே?

அது தடயவியல். தொலைக்காட்சித் தொடர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. பெற்றோர் சிலர் இன்னும் அந்த மயக்கத்திலேயே பிள்ளையை இதற்கு அனுப்புகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கச் செம்மணிப் புதைகுழியை விட நெருக்கமான உதாரணம் கிடையாது. 1996இல் பாடசாலை மாணவி ஒருவரும் அவருடைய தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் ஒருவர், 1998இல் நீதிமன்றத்தில், செம்மணியில் மேலும் பலர் புதைக்கப்பட்டிருப்பதாகக் கூறினார். 1999இல் நடந்த அகழ்வில் 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. பின்னர் 2025 பெப்ரவரியில் செம்மணியிலுள்ள சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகனமேடை அமைக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்த அகழ்வில் அந்த ஆண்டு செப்ரெம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன.

அந்தக் குழிக்குள் இறங்கியவர்கள் யார்? மண்ணடுக்கை வாசிக்கத் தெரிந்த தொல்லியலாளர்கள், எலும்பிலிருந்து வயதையும் பாலையும் காயத்தையும் கணிக்கும் சட்ட வைத்திய அதிகாரிகள், அவர்களுடைய உதவியாளர்கள். சட்ட வைத்தியத்துக்கு மருத்துவப் பட்டம் வேண்டும். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் பணியாற்ற விஞ்ஞானப் பட்டம் வேண்டும். கலைப்பிரிவில் இருந்துகொண்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. குற்றவியல் படித்தவருக்கு அங்கே வேலை குழிக்கு வெளியில் இருக்கிறது: காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் வாக்குமூலமும் விபரமும் சேகரித்தல், பல பத்தாண்டுகள் கடந்த சாட்சியத்தின் தன்மையை விளங்கிக்கொள்ளுதல், சாட்சிகளுக்கான பாதுகாப்பு, அரச அமைப்புகளே குற்றமிழைக்கும்போது விசாரணைகள் எப்படித் தேங்குகின்றன என்ற ஆய்வு. இது சிறிய வேலையென்று நான் கருதவில்லை.

அப்படியானால் வகுப்பில் உண்மையில் எதைக் கற்பிக்கிறார்கள்?

குற்றவியல் கோட்பாடுகள், தண்டனையியல், பாதிக்கப்பட்டோரியல், சிறுவர் குற்றம், பொலிஸ், நீதிமன்றம், சிறைச்சாலை ஆகியவற்றின் செயற்பாடு, குற்றவியல் சட்டத்தின் அடிப்படைகள், உளவியல், ஆய்வுமுறையியல், புள்ளிவிபரவியல் ஆகியவை பொதுவாக எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கும். இவற்றுள் கோட்பாடுகள்தான் மாணவரை முதலில் பயமுறுத்துகின்றன. ஆனால் நம் ஊர்ச் செய்திகளுடன் பொருத்திப் பார்த்தால் அவை அவ்வளவு தூரத்தில் இல்லை.

யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகளாகப் பேசப்படும் வாள்வெட்டுச் சம்பவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1764இல் தண்டனை பற்றி எழுதிய இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியாவின் வழியில் சிந்திப்பவர், தண்டனையின் கடுமையை விட அது விரைவாகவும் நிச்சயமாகவும் கிடைப்பதே குற்றத்தைத் தடுக்கும் என்பார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும் இடத்தில் சட்டத்தைக் கடுமையாக்கி என்ன பயன் என்று கேட்பார். 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ மண்டையோட்டையும் தாடையையும் அளந்து பிறவிக் குற்றவாளியைத் தேடினார். அந்த வழி பொய்யென்று எப்போதோ தள்ளப்பட்டுவிட்டது, ஆனாலும் 'அவன்ர முகத்தைப் பாத்தாலே தெரியுது' என்று சந்தியில் பேசுவோர் அவரைப் படிக்காமலே அவருடைய மாணவர்களாக இருக்கிறார்கள். 1938இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மேர்ட்டன் எழுதிய கட்டுரையின் வழியில் பார்த்தால், புலம்பெயர் உறவினரின் பணத்தில் வந்த விலையுயர்ந்த மோட்டார் சைக்கிளைத் தினமும் காணும் இளைஞனுக்கு அதை நேர்வழியில் அடைய வேலை இல்லை என்ற இடைவெளி கண்ணில் படும். அமெரிக்கக் குற்றவியலாளர் சதர்லண்ட், குற்றம் மற்றவர்களுடனான நெருங்கிய பழக்கத்தின் மூலம் கற்றுக்கொள்ளப்படுகிறது என்றார்; குழுவில் சேர்ந்த பிறகுதான் வாள் கைக்கு வருகிறது என்பதை அது விளக்கும்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பயன்பட்டது முத்திரை குத்தல் கோட்பாடு: ஒருவரைக் குற்றவாளியென்று சமூகம் பெயரிடுவதே அவரைக் குற்றத்தின் பக்கம் தள்ளக்கூடும் என்பது அது. ஒரு பையன் ஒருமுறை சந்தேகத்தின் பேரில் பிடிபட்டு, அவனுடைய படம் பேஸ்புக்கில் 'காவாலி' என்ற பட்டத்துடன் சுற்றிவிட்டால், பின்னர் அவன் விடுவிக்கப்பட்டாலும் கடைக்காரர் வேலை கொடுக்கமாட்டார், பாடசாலை திரும்ப எடுக்கத் தயங்கும், அவனை ஏற்றுக்கொள்ளக் குழு மட்டுமே மிஞ்சும். இதன் மிகக் கொடிய வடிவத்தைத் தமிழகம் கண்டிருக்கிறது: பிரித்தானிய ஆட்சியின் 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் பின்னர் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்டு, முழுச் சமூகங்களையே பிறப்பால் குற்றவாளிகளெனப் பதிவு செய்தது, அதை எதிர்த்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் திகதி மதுரைக்கு அருகே பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்தது.

வசதி படைத்தோரின் குற்றங்களும் பாடத்தில் உண்டு. சதர்லண்ட் 1939இல் 'வெள்ளைச்சட்டைக் குற்றம்' என்ற கருத்தை முன்வைத்தார். வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லி இலட்சக்கணக்கில் பணம் வாங்கி ஏமாற்றும் முகவரைப் பற்றி நம்மூரில் கேள்விப்படாத வீடு குறைவு. ஆனால் அவரை யாரும் காவாலி என்பதில்லை. ஏன் என்பது ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி.

கணிதம் வராது. புள்ளிவிபரம் கட்டாயமா?

கட்டாயம், ஆனால் பயப்பட வேண்டிய அளவில் இல்லை. எண்களைக் கணிப்பதை விட, ஓர் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கப் பழகுவதே முக்கியம். ஒரு பொலிஸ் நிலையத்தில் வீட்டு வன்முறை முறைப்பாடுகள் ஓராண்டில் இரட்டித்தன என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பத்திரிகையில் 'வன்முறை அதிகரிப்பு' என்று தலைப்பு வரும். ஆனால் அந்த ஆண்டுதான் அங்குள்ள சிறுவர் மகளிர் பணியகத்துக்குத் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் ஒருவர் வந்திருக்கலாம். அதுவரை சொல்ல மொழியும் துணிவும் இல்லாதிருந்த பெண்கள் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் கூடியது முறைப்பாடு. வன்முறை முன்பும் இருந்தது. பொலிஸ் பதிவுக்கு வராமலே போகும் குற்றங்களை இத்துறையில் 'இருண்ட எண்' என்பார்கள். அதைத் துலக்குவதற்காகவே, பொலிஸ் புத்தகத்தைப் பார்க்காமல் வீடு வீடாகச் சென்று 'கடந்த ஆண்டு உங்களுக்கு ஏதும் நேர்ந்ததா' என்று கேட்கும் பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்புகள் உருவாயின. இந்த ஒன்றை மட்டும் சரியாகக் கற்றவர்கூடப் பத்திரிகை வாசிக்கும் முறையை மாற்றிக்கொள்வார்.

இலங்கையில் எங்கே படிக்கலாம்?

ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல், குற்றவியல் நீதி ஆகியவற்றுக்கான தனித்துறை இருக்கிறது. அனுமதி முறையையும் அந்த ஆண்டுக்குத் தேவையான பாடச் சேர்க்கையையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் பாருங்கள். முந்திய ஆண்டு அண்ணா அக்காமாரின் கைநூலை இரவல் வாங்கிப் படிவம் நிரப்ப வேண்டாம். கொழும்புப் பக்கம் போகும் மாணவர் தங்குமிடத்தையும் மொழியையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலேயே இருந்து படிக்க வழியில்லையா?

இருக்கிறது, ஆனால் சுற்றுவழி. 1974இல் ஒரு வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், உளவியல், சட்டம் ஆகியவற்றைக் கற்கலாம். சமூகவியல் பட்டத்தின் இறுதியாண்டு ஆய்வுக்குக் குற்றம் சார்ந்த தலைப்பொன்றை எடுத்துக்கொண்டு, பின்னர் முதுகலைமாணியில் குற்றவியலுக்குத் திரும்புவது உலகெங்கும் வழக்கமான பாதை. பல நாடுகளில் குற்றவியல் சமூகவியல் துறைகளுக்குள்ளேயேதான் வளர்ந்தது என்பதால் இதில் குறைவேதும் இல்லை. சட்டமாணிப் பட்டத்துக்குத் திறந்த பல்கலைக்கழகமும் உண்டு. அதன் பிராந்திய நிலையம் யாழ்ப்பாணத்தில் இயங்குகிறது, வேலை செய்துகொண்டே படிப்போருக்கு அது பொருந்தும். வசதியும் மதிப்பெண்ணும் இடங்கொடாத மாணவருக்கு நான் பெரும்பாலும் இந்தச் சுற்றுவழியையே சொல்வேன்.

இந்தியாவில் படிப்பது எப்படி?

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உள்ளன. வகுப்புகள் ஆங்கிலத்தில் என்றாலும் கள ஆய்வு தமிழில் நடக்கும் என்பது நமக்குச் சாதகம். இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் பற்றி யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கேட்டறியலாம். போவதற்கு முன்னர், அந்தப் பட்டத்தை இங்குள்ள மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இதைத் திரும்பி வந்த பிறகு செய்து அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

தமிழ் மட்டும் போதுமா?

போதாது. வடக்கில் நீதிமன்ற நடவடிக்கைகள் தமிழில் நடக்கின்றன. ஆனால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, பொலிஸ் ஆவணங்கள் பலவும் சிங்களத்தில் எழுதப்படுகின்றன, இத்துறையின் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. மூன்று மொழியும் வாசிக்கத் தெரிந்த குற்றவியல் பட்டதாரி, மதிப்பெண்ணில் தன்னை விட மேலான இருமொழிப் பட்டதாரியை நேர்முகத் தேர்வில் முந்திவிடுவார்.

படித்து முடித்தால் என்ன வேலை?

'குற்றவியலாளர்' என்ற பதவிப்பெயருடன் வர்த்தமானியில் அறிவித்தல் வரும் என்று எதிர்பார்த்து யாரும் இதைப் படிக்க வேண்டாம். இந்தப் பட்டம் மருத்துவத்தைப் போல ஒரே வேலைக்கான வாசல் அன்று; பல வேலைகளுக்கு உதவும் அறிவு. பொதுப் பட்டதாரி ஆட்சேர்ப்பில் அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் பெற்றுப் பிரதேச செயலகத்தில் வேறு கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலையும் நேரும். அதைச் சொல்லாமல் மறைப்பது நியாயமாகாது.

இனி, படிப்பு நேரடியாகப் பயன்படும் இடங்கள். நான் முதலில் சொல்வது நன்னடத்தை உத்தியோகத்தர் பணி. வடக்கில் இது மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் கீழ் வருகிறது. போட்டிப் பரீட்சை மூலம் ஆட்சேர்ப்பு நடக்கும். 1944ஆம் ஆண்டின் குற்றவாளிகளை நன்னடத்தையில் விடுதல் பற்றிய கட்டளைச் சட்டமும் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமும் இதற்கு அடித்தளம். ஒரு சிறுவன் நீதிமன்றத்துக்கு வந்தால் அவனுடைய வீடு, பாடசாலை, நண்பர் வட்டம் எல்லாவற்றையும் விசாரித்துச் சமூக அறிக்கை எழுதுபவர் இந்த உத்தியோகத்தர். அவனைப் பெற்றோரிடம் விடுவதா, சான்றுபெற்ற பாடசாலை எனப்படும் சிறுவர் சீர்திருத்த நிலையத்துக்கு அனுப்புவதா என்று நீதவான் முடிவெடுக்கையில் அந்த அறிக்கை முன்னால் இருக்கும். குற்றப் பொறுப்புக்கான வயதெல்லை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 8இலிருந்து 12ஆக உயர்த்தப்பட்டது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலை விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்பது நீதவான் பார்க்க வேண்டிய விடயம். முதிர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வியில் வகுப்பறைக் கோட்பாடு திடீரென்று உயிர்பெறும்.

சிறைச்சாலைகளின் நலன்புரி, புனர்வாழ்வுப் பணிகள், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான சமுதாயஞ்சார் சீர்திருத்தப் பணி (சிறைக்கு அனுப்பாமல் சமூகத்துக்குள்ளேயே வைத்துத் திருத்துதல்), பிரதேச செயலகங்களின் சிறுவர் உரிமை மேம்பாட்டுப் பணி, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, மனித உரிமைகள் ஆணைக்குழு, சட்ட உதவி ஆணைக்குழு, பெண்களுக்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கும் துணைநிற்கும் தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றையும் கவனியுங்கள். போதைப்பொருள் பற்றிய பணிக்கு இப்போது வடக்கில் கேள்வி அதிகம். கஞ்சாவோடு நின்றிருந்த கவலை ஐஸ் என்ற செயற்கைப் போதைப்பொருள் வரை வந்துவிட்டது, சிகிச்சைக்கும் தண்டனைக்கும் இடையே எங்கே கோடு போடுவது என்று தெரிந்தவர்கள் போதவில்லை.

பலர் யோசிக்காத இன்னொரு இடம் வங்கி. 2006ஆம் ஆண்டின் நிதிசார் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின்படி, சந்தேகத்துக்குரிய கொடுக்கல் வாங்கல்களை வங்கிகள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் இணக்கப் பிரிவுகளுக்கு (வங்கி சட்டவிதிகளைப் பின்பற்றுகிறதா என்று பார்ப்பவை), குற்றத்தால் வந்த பணத்தை நேர்மையான பணமாகக் காட்டும் பணச்சலவை எப்படி நடக்கிறது என்று விளங்கியவர்கள் வேண்டும். கணக்கியல் சான்றிதழ் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் இது நல்ல வழி.

பொலிஸில் சேரலாமா?

சேரலாம், உப பொலிஸ் பரிசோதகர் பதவிக்கு உரிய தகைமையும் உடற்தகுதியும் பரீட்சையும் வேண்டும், இந்தப் பட்டம் அவற்றுக்கு ஈடாகாது. தமிழ்க் குடும்பங்களில் இந்த யோசனை எழுப்பும் தயக்கம் வரலாற்றிலிருந்து வருவது. அதை ஒரு பந்தியில் கலைக்க நான் முயலமாட்டேன். முறைப்பாட்டைத் தமிழில் கேட்டுத் தமிழில் எழுதும் உத்தியோகத்தர் இல்லாத நிலையத்தில் என்ன நடக்கும் என்பதும் நமக்குத் தெரியும். முடிவு பிள்ளையுடையது.

சட்டத்தரணி ஆகலாமா?

இந்தப் பட்டத்தால் மட்டும் முடியாது. சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை அல்லது சட்டமாணிப் பட்டம், அதன் பின் இறுதிப் பரீட்சைகள் என்ற பாதை வேறு.

பெண் பிள்ளையை இதற்கு விடலாமா என்று அம்மா தயங்குகிறார். என்ன சொல்வது?

இத்துறையின் பணி முழுவதும் குற்றவாளிகளுடன்தான் என்ற எண்ணமே அந்தத் தயக்கத்தின் வேர். பாதிக்கப்பட்டவர்களே இதில் பெரும்பகுதி. அவர்களுள் பெண்களும் சிறுவர்களும் மிகப் பலர். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம்; ஆனால் அந்தக் கட்டளை கேட்கலாம் என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லி, கூடவே நீதிமன்றப் படியேறுபவர் பெரும்பாலும் இன்னொரு பெண்தான். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இரவு நேரக் களப்பணி, தனியாகச் சிறைக்குப் போதல் போன்றவை மாணவப் பருவத்தில் எவருக்கும் விதிக்கப்படுவதில்லை.

இத்தகைய விடயங்களைத் தொடர்ந்து படிப்பது மனதைப் பாதிக்காதா?

பாதிக்கும். போரின் நினைவுள்ள குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்கு வன்முறை பற்றிய ஒரு வழக்கேடு வெறும் வழக்கேடாக இருக்காது. நல்ல துறைகளில் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவார்கள். தலைப்பை மாற்றிக்கொள்வதில் வெட்கம் இல்லை. ஆய்வில் மற்றவரைக் காப்பதும் இதனுடன் சேர்ந்தது. யாழ்ப்பாணம் சிறிய ஊர். பெயரை மறைத்து, ஊரையும் வயதையும் தொழிலையும் எழுதிவிட்டால் வாசிப்பவர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். நேர்காணல் கொடுத்த பெண்ணின் கணவனும் அந்த வாசகராக இருக்கலாம் என்பதை எழுதும் ஒவ்வொரு வரியிலும் நினைக்க வேண்டும்.

இன்னும் பாடசாலையில் இருக்கிறேன். இப்போதே என்ன செய்யலாம்?

விடுமுறையில் ஒரு காலை, ஆசிரியர் ஒருவருடன் யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை ஆகிய இடங்களிலுள்ள நீதவான் நீதிமன்றங்களுள் அருகிலிருப்பதற்குப் போங்கள். சிறுவர் தொடர்பானவை போன்ற மூடிய வழக்குகளைத் தவிர மற்றவை பொதுமக்கள் முன்னிலையிலேயே நடக்கின்றன. கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டுப் பின்வாங்கில் அமைதியாக இருந்து, பெயர் எதையும் குறிக்காமல், என்ன வகை வழக்கு, சந்தேகநபரின் வயது ஏறத்தாழ எவ்வளவு, சட்டத்தரணி இருந்தாரா, பிணை கிடைத்ததா, தவணை எத்தனை நாளுக்குப் போனது என்று மட்டும் வெளியே வந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று முறை போனால், கசிப்பு வழக்கில் தண்டப்பணம் கட்டிவிட்டுப் போகிறவர் யார், கட்ட முடியாமல் உள்ளே போகிறவர் யார் என்பது தெரியத் தொடங்கும். அந்தக் கொப்பியைத் தொலைக்க வேண்டாம். முதலாம் ஆண்டு ஒப்படைக்கு அதில் விடயம் இருக்கும்.